ஆர்கன் வெல்டிங்கை ஒரு போதனாசிரியரிடம் கற்பதால் என்ன கிடைக்கும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆறு வருடமாகக் கேற், கிறில், கூரைச் சட்டம் என்று, பூச்சுக் கம்பியை எரித்து ஒட்டும் ஆர்க் வெல்டிங்கில் உழைத்தவர். சென்ற வருடம் ஆர்கன் வெல்டிங் செய்யும் டிக் மெஷின் ஒன்றை வாங்கி, காணொளிகளைப் பார்த்தே பழகி, இப்போது ஸ்டெயின்லெஸ் படிக்கட்டுக் கைபிடிகளும் செய்து கொடுக்கிறார். ஒட்டு பிடிக்கிறது, ஆனால் சாம்பல் நிறமாகிப் போகிறது, ஆர்க்கை மூட்டும் டங்ஸ்டன் முனை அடிக்கடி கெட்டுவிடுகிறது, வளைகுடா வேலைக்கான சோதனை ஒன்றுக்குப் போய்த் தோற்றும் வந்திருக்கிறார். பணம் கட்டி ஒருவரிடம் கற்பதில் பயன் உண்டா, அல்லது இன்னும் நூறு கிலோ இரும்பை எரித்தால் கை தானாக வந்துவிடுமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் கட்டிய காசு வீணாகும். கையை எப்படி அசைப்பது என்பதைக் காணொளியில் நீங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டீர்கள். அதைக் காட்டுவதற்கு ஒரு போதனாசிரியர் தேவையில்லை. முகமூடிக்குள் தலையை நுழைத்து ஆர்க் மூண்டவுடன் நமக்குத் தெரிவதெல்லாம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு உருகி மினுங்கும் குட்டை மட்டும்தான். முழங்கை மேசையை விட்டு எழும்பியதோ, கையில் பிடித்த டோர்ச் மெல்ல மெல்லச் சரிந்ததோ, குட்டைக்கு ஊட்டும் கம்பியின் நுனி எங்கே நிற்கிறது என்பதோ, மூச்சை அடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதோ நமக்குத் தெரியாது. வெளியே நிற்பவருக்கு அவை அனைத்தும் தெரியும். அந்தப் பார்வைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். பதினைந்து வருடம் ஆர்க் வெல்டிங் செய்து, டிக்கையும் அரைகுறையாகப் பழகி, எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு முப்பத்தெட்டாவது வயதில் வளைகுடாவில் கப்பல் திருத்தும் தளம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே எங்களை இரண்டு கிழமை பயிற்சிக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். போதனாசிரியர் கேரளக்காரர், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். முதல் நாள் காலையில் அவர் மெஷினைப் போடவே விடவில்லை. டோர்ச்சிலிருந்து டங்ஸ்டனைக் கழற்றி, வாயு வெளிவரும் கப்புக்குள் ஒரு கட்டைப் பென்சிலைக் கடதாசி சுற்றி இறுக்கி, மேசையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பதினைந்து சென்ரிமீற்றருக்கு நேர்கோடு போடச் சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போட்டேன், கோடு வாவியில் காற்றடிக்கும்போது எழும் அலை மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு செங்கல்லை எடுத்து, பழந்துணியில் சுற்றி என் மணிக்கட்டுக்குக் கீழே வைத்து, கதிரையை அரை அடி பின்னுக்கு இழுத்தார். அடுத்த கோடு நேராக வந்தது. பதினைந்து வருடமாக நான் முழங்கையை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். ஆர்க் வெல்டிங்கில் அது பெரிதாகக் காட்டிக்கொடுப்பதில்லை. டிக்கில் டங்ஸ்டன் முனைக்கும் குட்டைக்கும் இடையே இரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும் என்பதால், கையின் ஒவ்வொரு நடுக்கமும் ஒட்டில் எழுதப்பட்டுவிடுகிறது.

பின்னேரம் மெஷினைப் போட விட்டார். தானும் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்று, ஏதாவது பிழைத்தால் ஒரே ஒரு சொல் சொல்வார். அன்று முழுக்க அவர் சொன்ன சொல் “கம்பி”. குட்டையில் ஒரு துளி விட்டபின் கம்பியை நான் அரை அங்குலத்துக்கு மேல் வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். நுனி, குட்டையைக் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கன் வாயுவின் குடையை விட்டு வெளியே வரும், சூடாக இருப்பதால் உடனே ஒட்சைட்டுப் படியும், அடுத்த துளியோடு அந்த ஊத்தை குட்டைக்குள் போகும். இரும்பைத் துடைக்கவில்லை, வாயு சரியில்லை என்று எதையெல்லாமோ குற்றம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, என் இடது கைதான் காரணம் என்று ஒரு நாளில் விளங்கியது. அதைத் தனியே கண்டுபிடித்திருப்பேனா என்று கேட்டால், நிச்சயமாக இல்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் என் கண் குட்டையில் இருந்தது, அங்கேதான் இருக்கவும் வேண்டும்.

இப்போது உங்கள் சாம்பல் நிறத்துக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் ஒட்டு ஆறும்போது எவ்வளவு சூடாக இருக்கையில் எவ்வளவு ஒட்சிசன் பட்டது என்பதை அதன் நிறம் சொல்லிவிடும். வெள்ளியாகவோ வைக்கோல் நிறமாகவோ பொன்னாகவோ இருந்தால் நன்று. ஊதாவும் நீலமும் எச்சரிக்கை. மங்கிய சாம்பலும் கறுப்பும் கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். துருவைத் தடுக்கும் குரோமியம் அந்த இடத்தில் ஒட்சைட்டாகிப் போய்விட்டதால், பளபளப்பாக மினுக்கிக் கொடுத்தாலும் சில மாதங்களில் அந்த ஒட்டின் ஓரமாகவே பழுப்புப் புள்ளிகள் எழும். இதற்குக் காரணம் ஒன்றல்ல. அம்பியர் கூடியிருக்கலாம். அம்பியர் சரியாக இருந்தும் கை மெதுவாகப் போயிருக்கலாம். உண்மையில் பழக்கம் குறைந்தவர்கள் பயத்தில் அம்பியரைக் குறைத்து வைத்துவிட்டு, குட்டை உருகும் வரை ஒரே இடத்தில் காத்து நின்று, கூட்டி வைத்திருந்தால் ஏறியிருக்கக்கூடியதை விட அதிக சூட்டை ஏற்றிவிடுகிறார்கள். டோர்ச்சை அதிகமாகச் சரித்திருக்கலாம். நிமிர்ந்த நிலையிலிருந்து பத்து, பதினைந்து பாகைக்கு மேல் சரியச் சரிய, கப்பின் பின்பக்கத்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஆர்க்கை அணைத்தவுடன் டோர்ச்சை உயர்த்தியிருக்கலாம். பத்து அம்பியருக்கு ஒரு செக்கன் என்ற கணக்கில், ஐம்பது அம்பியரில் வேலை செய்தால் குறைந்தது ஐந்து செக்கனாவது வாயு ஓடி முடியும் வரை கையை அங்கேயே வைத்திருக்க வேண்டும். அல்லது வாயுவைக் கூட்டி வைத்திருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் நம்புவதில்லை. ஒட்டு கறுத்தால் நம்மவர்கள் முதலில் செய்வது ரெகுலேட்டரைத் திருகி வாயுவைக் கூட்டுவதுதான். ஆறாம், ஏழாம் இலக்கக் கப்புக்கு நிமிடத்துக்கு ஏழு, எட்டு லீற்றர் தாராளம். அதைப் பதினைந்து, இருபதுக்குக் கொண்டுபோனால் வாயு அமைதியாக இறங்காமல் சுழித்துக்கொண்டு பாயும், சுழிப்போடு வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்து வரும். ஒட்டு முன்னிலும் மோசமாகும், சிலிண்டரும் பாதி நாளில் தீரும். ஆக, சாம்பல் நிறம் என்ற ஒரே நோய்க்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கின்றன. காணொளி அந்த ஐந்தையும் சொல்லும், உங்களுடையது எது என்று சொல்லாது. அனுபவமுள்ள ஒருவர் பின்னால் நின்று நீங்கள் ஒட்டும் இரண்டு தடத்தைப் பார்த்தால் போதும்.

நமது பக்கத்தில் இதற்கு ஆறாவது காரணமும் உண்டு. வைகாசி கழிந்து கச்சான் காற்று தொடங்கினால், திறந்த கொட்டிலில் டிக் வேலை செய்வது வீண் வேலை. மணிக்கு எட்டு கிலோமீற்றர் வேகக் காற்றே, அதாவது முகத்தில் மெல்லப் படும் காற்றே, ஆர்கன் குடையைக் கலைக்கப் போதும். ஆர்க் வெல்டிங்கில் கம்பியின் பூச்சு எரிந்து தன் பாதுகாப்பைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் அங்கே நாம் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடேயே டிக்கையும் வாசலில் வைத்துச் செய்கிறோம். மேசையின் மூன்று பக்கமும் தகரமோ தடித்த படங்கோ கட்டி, மின்விசிறியை வேறு பக்கம் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள். புழுக்கம் இருக்கும், தாங்கத்தான் வேண்டும்.

டங்ஸ்டன் விடயத்தில் போதனாசிரியர் செய்த ஒரு காரியத்தை நீங்களும் உடனே செய்யலாம். முனை குட்டையிலோ கம்பியிலோ பட்டு ஊத்தையாகி, மறுபடி கூராக்க எழும்பும் ஒவ்வொரு தடவையும் சுவரில் சோக்கால் ஒரு கோடு போடச் சொன்னார். முதல் நாள் நாற்பத்தொரு கோடு. இரண்டாவது கிழமை முடிவில் நாளுக்கு நான்கைந்து. அழகு கூடியதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்காமல், கை முன்னேறுகிறதா என்பதை இந்தக் கோடுகளை வைத்தே கணக்குப் பார்க்கலாம். கூராக்கும்போது கீறல்கள் முனையை நோக்கி நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே கீறினால் ஆர்க் அலையும். கூரின் நீளம் டங்ஸ்டன் தடிப்பின் இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கட்டும். அதற்கென்று ஒரு கிரைண்டர் கல்லை ஒதுக்கி, அதில் வேறு இரும்பைத் தீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தலை டங்ஸ்டனில் தோரியம் கலந்திருக்கிறது; அது கதிர்வீச்சுள்ளது, தூசை மூச்சில் இழுக்கக் கூடாது. நீலத் தலை அல்லது பொன் தலை லந்தனம் கலந்தவை. இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் அலுமினியத்துக்கும் அவையே போதும் என்பதால் சிவப்பை வாங்க வேண்டிய தேவை இல்லை.

கம்பி ஊட்டும் கை பற்றி ஒரு சொல். இதற்கு மெஷினும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம். 1.6 மில்லிமீற்றர் கம்பி ஒன்றை எடுத்து, கையுறையைப் போட்டுக்கொண்டு, கையை அசைக்காமல் பெருவிரலாலும் மற்ற இரண்டு விரல்களாலும் மட்டும் முன்னுக்குத் தள்ளிப் பழகுங்கள். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம் பார்க்கும் நேரத்தில் அரை மணித்தியாலம் இதைச் செய்யுங்கள். வீட்டில் திட்டுவார்கள். மூன்று கிழமையில் விரல் தானாக ஓடும், பயிற்சிக்குப் போகும்போது இதில் ஒரு மணித்தியாலத்தைக்கூட வீணாக்க மாட்டீர்கள்.

உங்கள் சோதனை ஏன் தோற்றது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது, ஏனென்றால் பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள், தோல்வி என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நல்ல போதனாசிரியரை அடையாளம் காண நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இதுதான்: அவர் உங்கள் ஒட்டை உடைக்கிறாரா? எங்கள் கூடத்தில் ஒரு சுத்தியலும் ஒரு பெரிய வைஸும் எப்போதும் தயாராக இருக்கும். இரண்டு தகட்டை டி வடிவில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டச் சொல்லி, ஆறியதும் வைஸில் இறுக்கி, நிற்கும் தகட்டை ஒட்டின் பக்கமாக அடித்து மடக்கி உடைப்பார். நான் பெருமையாகக் கொண்டுபோன, மீன் செதில் அடுக்கியதுபோல அழகான ஒட்டு ஒன்று மூன்றாவது அடியில் திறந்துகொண்டது. உள்ளே, மூலையில், தகட்டின் விளிம்பு வாளால் அறுத்த அன்றிருந்த மாதிரியே கூர் மாறாமல், உருகாமல் இருந்தது. கம்பி மேலே உருகி இரண்டு பக்கமும் பாலம் போட்டிருக்கிறது; அடிமூலைக்குச் சூடே போகவில்லை. அவர் அந்த விளிம்பை என் விரலால் தடவிப் பார்க்க வைத்தார். குட்டை மூலையைத் தொட்டு விரியும் வரை கம்பியைக் கொடுக்கக் கூடாது என்று நூறு பேர் சொல்லியிருப்பார்கள். விரலால் தடவிய பிறகுதான் எனக்கு அது மனதில் நின்றது.

ஒட்டை அரைத்து மினுக்கி ‘நல்லா இருக்கு’ என்று சொல்லும் ஆசிரியரிடம் போகாதீர்கள். வாளால் குறுக்கே வெட்டிக் காட்டுபவரிடம் போங்கள். வளைத்துக் காட்டுபவர் அதை விடவும் நல்லவர். அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமான ஆஸ்மியின் விதிகளின்படி வளைப்புச் சோதனையில் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் திறக்கும் எந்தக் குறையும் தோல்விதான். அந்த மூன்று மில்லிமீற்றரைச் சோதனைக்கு முன்னரே உங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது குழாயின் உட்புறம். இதில் என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பயிற்சிக்குப் போவதற்கு முந்திய காலத்தில், இங்கே ஒரு பால் சேகரிக்கும் இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் குழாய் இணைப்புகள் செய்து கொடுத்தேன். வெளியே பார்க்க நன்றாக இருந்தது. மூன்று மாதத்தில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். எவ்வளவு கழுவியும் பால் புளிக்கிறது என்றார்கள். குழாயை அறுத்து உள்ளே பார்த்தால், ஒட்டின் முழுச் சுற்றும் கருகிய சீனிப் பாகு மாதிரி கறுத்துப் பொருக்கு வெடித்துக் கிடந்தது. வெளிப்பக்கத்தை ஆர்கன் காக்கிறது. உட்பக்கத்தில் இருந்தது வெறும் காற்று. அந்தப் பொருக்கின் இடுக்குகளில் பால் தங்கிக் கெட்டிருக்கிறது. இரண்டு முனையையும் அடைத்து, ஒரு பக்கத்தால் மெல்லிய ஓட்டத்தில் ஆர்கனைச் செலுத்தி, மறுபக்கம் சிறு துளை விட்டு, உள்ளேயுள்ள காற்று வெளியேறிய பிறகே ஆர்க்கை மூட்ட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆர்கன் காற்றை விட ஏறத்தாழ 1.4 மடங்கு பாரமானது என்பதால், கீழிருந்து நிரப்பி மேலால் காற்றை வெளியேற்றுவது முறை. அந்த வேலை முழுவதையும் என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். உணவு, பால், மருந்து, சீனி ஆலை என்று எந்தக் குழாய் வேலைக்குப் போனாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே பயிற்சி தரும் இடத்தில் உட்புற ஆர்கன் கொடுத்து வேலை செய்யப் பழக்குகிறார்களா என்று விசாரியுங்கள். பல இடங்களில் செலவுக்குப் பயந்து விட்டுவிடுவார்கள்.

கைபிடி வேலை செய்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். கல்லடி, நாவலடி, கல்முனை, நிந்தவூர் என்று கடலோரமாகப் பொருத்தும் 304 ரக ஸ்டெயின்லெஸ் உப்புக் காற்றில் புள்ளி விழும். 316 ரகத்தில் இரண்டு முதல் மூன்று வீதம் மொலிப்டினம் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். அதை, 304க்கு உரிய 308எல் கம்பியால் ஒட்டினால் ஒட்டு மட்டும் முதலில் துருப்பிடிக்கும். 316எல் கம்பி வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸைச் சாதாரண இரும்போடு சேர்ப்பதானால் 309எல். வாடிக்கையாளர் உங்கள் கையைத்தான் குறை சொல்வார், கம்பியை அல்ல.

எங்கே கற்பது? கிழக்கில் அரசு வழியில் தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை ஆகியவை இருக்கின்றன. எங்கே போனாலும் சான்றிதழ், தேசிய தொழிற்தகைமை எனப்படும் என்.வி.கியூ. முறைக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஏழு மட்டங்கள் கொண்ட அந்த முறையில் ஒன்று முதல் நான்கு வரை தொழிற் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஆறு வருடம் தொழில் செய்தவர் என்பதால், முழுக் கற்கைநெறியையும் தொடக்கத்திலிருந்து படிக்காமல், முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழியிலும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். செய்த வேலைகளின் படங்களையும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் இப்போதே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சான்றிதழும் கையும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். பொதுவான வெல்டிங் கற்கைநெறிகளில் ஆர்க் வெல்டிங்குக்கே பெரும்பகுதி நேரம் போய்விடும். டிக் ஓர் ஓரத்தில் வந்து போகும். சேருவதற்கு முன் நேரில் போய், எத்தனை டோர்ச், எத்தனை பயிலுனர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு டோர்ச்சுக்கு இருபது பேர் என்றால் ஒரு நாளில் உங்களுக்கு ஆர்க் கிடைப்பது அரை மணித்தியாலம்கூட இல்லை. போதனாசிரியர் தானே மெஷினை எடுத்து ஒட்டிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். ஒரு கேள்வி கேட்டால் கரும்பலகைக்குப் போகிறாரா, மேசைக்குப் போகிறாரா என்றும் பாருங்கள்.

உங்கள் நிலையில் உள்ளவருக்கு நான் நல்லதென்று நினைப்பது வேறு ஒரு வழி. வளைகுடாவிலோ கொழும்புத் துறைமுகப் பக்கத்திலோ குழாய் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை இரு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் கிழமைக்கு ஒரு தடவை இரண்டு, மூன்று மணித்தியாலம் கூலி பேசி உட்காருங்கள். இடைப்பட்ட நாட்களில் அவர் சொன்ன ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் பழகுங்கள். ஒரே நாளில் ஐந்து பிழையைத் திருத்த முயன்றால் ஐந்தும் நிற்காது. இப்படி எட்டு, பத்துச் சந்திப்புகள், ஆறு மாதம் ஒரு வகுப்பின் பின்வரிசையில் நிற்பதைவிட உங்களுக்கு அதிகம் தரும் என்பது என் அபிப்பிராயம். ஒரு நிபந்தனை: அவர் கதிரையில் இருந்துகொண்டு சொல்பவராக இருக்கக் கூடாது, முகமூடி போட்டு உங்களுக்குப் பின்னால் நிற்பவராக இருக்க வேண்டும்.

செலவில் பெரும்பகுதி ஆசிரியருக்கல்ல, வாயுவுக்குத்தான் போகும். 150 பார் அழுத்தத்தில் நிரப்பிய பத்து லீற்றர்ச் சிறு சிலிண்டரில் ஏறத்தாழ 1500 லீற்றர் வாயு இருக்கும்; நிமிடத்துக்கு எட்டு லீற்றர் என்றால் மூன்று மணித்தியாலம். ஐம்பது லீற்றர்ப் பெரிய சிலிண்டர் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் வரும். பயிற்சிக்குப் பெரியதே இலாபம். குழாய் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். ஒரு சிறு கசிவு இரவோடு இரவாக ஒரு நாள் பயிற்சியைக் குடித்துவிடும்.

வளைகுடாச் சோதனைக்குத் தனியாகத் தயாராக வேண்டும். பெரும்பாலும் அங்கே கேட்பது 6ஜி நிலை: குழாயை நாற்பத்தைந்து பாகை சரித்துப் பூட்டிவிடுவார்கள், நாம்தான் சுற்றி வர வேண்டும். மூட்டின் அடியில் போடும் முதல் ஒட்டான அடித் தடத்தை டிக்கிலும் மிகுதியை ஆர்க் வெல்டிங்கிலும் நிரப்பச் சொல்வது வழக்கம். அந்த மிகுதியில் உங்களுக்குப் பயமிருக்காது, ஆறு வருடக் கை அது. அடித் தடத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள். இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் குட்டையின் முன்விளிம்பு ஒரு சாவித் துவாரம் போலத் திறந்துகொண்டே போக வேண்டும். அது மூடினால் உள்ளே ஊடுருவல் இல்லை, பெருத்தால் ஓட்டை. கப்பைக் குழாயின் மேல் சாய்த்து, இடமும் வலமுமாக நடக்க வைத்துக்கொண்டு போகும் முறையை, ஆசிரியர் உங்கள் கையின் மேல் தன் கையை வைத்து இரண்டு சுற்றுக் கொண்டுபோனால் ஒரு பின்னேரத்தில் பிடித்துவிடுவீர்கள். பார்த்து மட்டும் பழகினால் மாதங்கள் எடுக்கும். கிடைத்த தகுதி ஆயுள் முழுக்க நிற்பதுமில்லை. ஆஸ்மி விதியில் ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாவிட்டால் காலாவதி, வெல்டர் தகுதிக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 9606 முறையிலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேலை கொடுப்பவர் உறுதிப்படுத்த வேண்டும்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்களுடையது டி.சி. மட்டும் உள்ள இன்வேர்ட்டர் என்றால் இரும்பும் ஸ்டெயின்லெஸ்ஸும் பழகலாம், அலுமினியத்துக்கு அது உதவாது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், அதன் மேலுள்ள ஒட்சைட்டுத் தோல் 2000 பாகைக்கு மேல்தான் உருகும். அந்தத் தோலை உரிக்க ஏ.சி. மின்னோட்டம் வேண்டும். இந்த முறையே பிறந்தது இலேசான உலோகத்துக்காகத்தான்: அமெரிக்காவின் நோர்த்ரொப் விமானக் கம்பனியில் ரசல் மெரெடித் என்பவர் மகனீசியத்தை ஒட்டுவதற்காக உருவாக்கி, 1942 இல் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்தியது ஈலியம். நாம் ‘ஆர்கன் வெல்டிங்’ என்று சொல்வதுபோல, அப்போது அங்கே ஈலியத்தின் பெயரால்தான் இதை அழைத்தார்கள்.

பயிற்சியின்போது யாரும் சொல்லாமல் விடக்கூடிய மூன்று ஆபத்துகள் உண்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு ஆர்க் மூட்டினால் பொஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். துடைப்பதற்கு அசிற்றோன் போதும், அதுவும் காய்ந்த பிறகே ஆர்க். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தால் ஆர்கன் அடியில் தேங்கி ஒட்சிசனை வெளியே தள்ளிவிடும். மணமும் நிறமும் இல்லாத வாயு என்பதால் மயங்கும் வரை தெரியாது. தனியே இறங்கவே கூடாது. ஸ்டெயின்லெஸ் புகையில் உள்ள குரோமியம் நுரையீரலுக்குக் கெட்டது என்பதால், காற்றை மறைக்கும் தகரத்துக்குள் தலையைப் புகைக்கு நேரே கொடுக்காமல் இருங்கள்.

ஆள் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். இரண்டு மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் துண்டுகளை வெட்டி, கம்பி இல்லாமல் குட்டையை மட்டும் ஓட்டிப் பழகுங்கள். ஒவ்வொரு துண்டிலும் திகதி, அம்பியர், வாயு லீற்றர், கப் இலக்கம் நான்கையும் மாக்கரால் எழுதுங்கள். பிறகு கம்பியோடு ஐந்து, மூலை ஒட்டு ஐந்து. போதனாசிரியரிடம் முதல் நாள் போகும்போது அவற்றில் மிக மோசமான பத்தை ஒரு உரப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அரைக்காமல், துடைக்காமல், கறுத்தது கறுத்தபடியே. கெட்டுப்போன டங்ஸ்டன் துண்டுகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோங்கள், முனையைப் பார்த்தே அது கம்பியில் பட்டதா குட்டையில் பட்டதா என்று சொல்லிவிடுவார்கள்.